பம்பிங் சொல்லாததைத் துடிப்பு சொல்லுமா?

மாரடைப்பு வந்து, ஆஞ்சியோ முடிந்து, ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்குக் கிளம்பும் நாளில் உறவினர்கள் மருத்துவரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “பம்பிங் எவ்வளவு இருக்கு டாக்டர்?” எக்கோ அறிக்கையில் அதற்கு ஓர் எண் இருக்கும். இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளப்படுகிறது என்பதுதான் அந்த எண். 60 என்றால் எல்லோர் முகத்திலும் நிம்மதி. 30 என்றால் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

மருத்துவமும் இந்த எண்ணுக்குப் பெரிய இடம் கொடுத்திருக்கிறது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களில் பம்பிங் 30 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த 1,232 பேரை வைத்து நடந்த மடிட்-2 ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 19.8 சதவீதம் பேர் இறந்தார்கள். நெஞ்சுத் தோலுக்கடியில் ஐ.சி.டி. கருவி பொருத்தப்பட்டவர்களில் இறந்தவர்கள் 14.2 சதவீதம். இதயம் தாறுமாறாக நடுங்கத் தொடங்கினால் உடனே மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவி அது. பம்பிங் மிகவும் குறைந்தவர்களுக்கு இந்தக் கருவியைப் பரிந்துரைக்கும் வழக்கம் இப்படித்தான் உறுதிப்பட்டது.

ஆனால் திடீர் மரணம் இந்தக் கோட்டுக்குக் கீழே மட்டும் நிகழ்வதில்லை. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் திடீர் இதய மரணம் அடைந்தவர்களின் பழைய எக்கோ பதிவுகளைத் தேடிப் பார்த்தபோது, பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம் பேர்தான். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பம்பிங் சரியாகவே இருந்தது. நிம்மதியாக வீடு திரும்பியவர்களுக்குள்ளேதான் அதிகமானோர் இறந்துபோகிறார்கள் என்றால், அவர்களை முன்கூட்டியே அடையாளம் காண வேறு என்ன வழி? நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சாரார் சொல்லிவரும் பதில், துடிப்புகளின் இடைவெளியைப் படியுங்கள் என்பது. அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி, எந்த இடத்தில் அது போதாமல் போகிறது என்பதைப் பார்ப்போம்.

கடிகாரம் போலத் துடிக்காத இதயம்

நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இதயம் விநாடிக்கு ஒரு முறை துடிக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஈசிஜியில் ஒவ்வொரு இடைவெளியையும் மில்லி விநாடியில் அளந்தால் 1,000, 1,000, 1,000 என்று வராது. 940, 1,010, 1,070, 980 என்று ஏறி இறங்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும். வெளியே விடும்போது தாமதிக்கும். ஆங்கிலேயப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் 1733இல் குதிரையின் தமனியில் ரத்த அழுத்தத்தை அளந்தபோதே மூச்சுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவைக் கவனித்தார். ஜெர்மானிய உடலியலாளர் கார்ல் லுட்விக் 1847இல் தாமே உருவாக்கிய பதிவுக் கருவியால், மூச்சோடு துடிப்பு மாறுவதைத் தாளில் வரைந்து காட்டினார்.

இந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது? இதயத்துக்குத் தாளம் போடுவது அதன் வலது மேலறையில் இருக்கும் சைனோ ஏட்ரியல் கணு. எந்த நரம்பும் தொடாமல் விட்டால் அது நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்க வைக்கும். ஓய்வில் நம் நாடி 70 என்று இருப்பதற்குக் காரணம், மூளையின் அடித்தண்டிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு இடைவிடாமல் அதை அடக்கிக்கொண்டிருப்பதுதான். விரைவுபடுத்துவது பரிவு நரம்பு. ஒன்று கடிவாளம், மற்றொன்று சாட்டை.

வேகஸ் நரம்பு இதயத்திடம் எப்படிப் பேசுகிறது என்பதை 1921இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி கண்டுபிடித்தார். ஒரு தவளையின் இதயத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து வேறொரு தவளையின் இதயத்தில் விட்டார். நரம்பையே தொடாத இரண்டாவது இதயமும் மெதுவானது. நரம்பின் கட்டளை ஒரு வேதிப்பொருளாகப் பயணிக்கிறது என்பதற்கு அதுவே சான்று. பின்னாளில் அசிட்டைல்கோலின் என்று உறுதியான அந்தப் பொருளுக்காக 1936இல் லோவிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அசிட்டைல்கோலின் ஒரு துடிப்புக்குள்ளேயே வேலையைக் காட்டிவிட்டு உடனே சிதைந்துவிடும். பரிவு நரம்பின் வேதிப்பொருளுக்குப் பல விநாடிகள் பிடிக்கும். ஆகவே துடிப்புக்குத் துடிப்பு நடக்கும் வேகமான மாற்றங்கள் எல்லாம் வேகஸின் கைவேலை. இடைவெளிகள் நன்றாக மாறினால் கடிவாளம் கையில் இருக்கிறது என்று பொருள். எல்லா இடைவெளியும் ஒரே அளவாகிவிட்டால், இதயம் உடலின் சொல்லைக் கேட்பதை நிறுத்திக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட சீர் நலத்தின் அடையாளம் அல்ல.

எல்லா ஒழுங்கின்மையும் நல்லதல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மேலறைகள் துடிக்காமல் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இடைவெளிகள் கன்னாபின்னாவென்று மாறும். அது நோய், பக்கவாதத்துக்கு வழி வகுப்பது. நாம் பேசுவது, சைனோ ஏட்ரியல் கணுவிலிருந்து முறையாகப் பிறக்கும் துடிப்புகளுக்கு நடுவே உள்ள நெகிழ்வைப் பற்றி மட்டும்.

808 பேரின் ஒரு நாள்

இதை நோயாளிகளிடம் அளக்க, நாள் முழுவதும் ஈசிஜி எடுக்கும் வசதி வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் முதலில் செய்த கருவியை முதுகுப்பை போலச் சுமக்க வேண்டும். எடை சுமார் 38 கிலோ. அது சுருங்கிச் சுருங்கி, 1961இல் அவர் சயன்ஸ் இதழில் தம் முறையை விவரித்தபோது எளிதில் எடுத்துச் செல்லக்கூடியதாகிவிட்டது. இன்று நம் ஊர் ஆய்வுக்கூடங்களிலும் ‘ஹோல்டர் போடுவது’ என்றே பேச்சுவழக்கில் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்புகள் அதில் பதிவாகின்றன.

மாரடைப்பு நோயாளிகளில் துடிப்பு மாறுபாடு உள்ளவர்கள் குறைவாகவே இறக்கிறார்கள் என்ற முதல் குறிப்பு 1978இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 176 நோயாளிகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது. திருப்பம் 1987இல். ராபர்ட் கிளைகரும் சக ஆய்வாளர்களும் மாரடைப்பிலிருந்து மீண்ட 808 பேரின் 24 மணி நேரப் பதிவுகளை எடுத்து, சராசரியாக 31 மாதங்கள் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 127 பேர் இறந்தார்கள்.

ஒரு நாளின் எல்லா இயல்பான இடைவெளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட அளவு; பள்ளிக் கணக்கில் நாம் படித்த திட்ட விலக்கம்தான் அது. அந்த விலக்கம் 50 மில்லி விநாடிக்குக் குறைவாக இருந்தவர்கள், 100க்கு மேல் இருந்தவர்களைவிட 5.3 மடங்கு அதிகமாக இறந்தார்கள். பம்பிங், முறைக்கு முந்திவரும் எக்டோபிக் துடிப்புகள் போன்றவற்றைக் கணக்கில் சேர்த்த பிறகும் இந்த அளவு தனித்து நின்றது. கண் இமைக்க ஆகும் நேரத்தைவிடச் சிறிய ஒரு வேறுபாட்டில் ஒரு மனிதரின் அடுத்த இரண்டரை ஆண்டுகளைப் பற்றிய செய்தி இருந்தது என்பது இன்று நினைத்தாலும் வியப்பளிக்கிறது. 1996இல் ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவ அமைப்புகள் கூடி இந்த அளவீட்டுக்கான பொது விதிமுறைகளை வகுத்தன.

முந்திவந்த துடிப்புக்குப் பின்

திட்ட விலக்கம் ஒரு மொத்தக் கணக்கு. படி ஏறியது, தூங்கியது, கோபப்பட்டது எல்லாமே அதில் கலந்திருக்கும். வேகஸ் நரம்பு மட்டும் எப்படி இருக்கிறது என்று கேட்க இன்னும் நுணுக்கமான கேள்வி தேவைப்பட்டது. இத்தாலியைச் சேர்ந்த மரியா தெரேசா லா ரோவேரே தலைமையில் 1,284 நோயாளிகளிடம் நடந்து 1998இல் வெளியான அட்ராமி ஆய்வில், ஊசி மருந்தால் ரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்தி, அதற்கு இதயம் எவ்வளவு மெதுவாகிறது என்று பார்த்தார்கள். மெதுவாகத் தெரியாத இதயங்களுக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தது.

அடுத்த ஆண்டே, மியூனிக்கைச் சேர்ந்த கேயோர்க் ஷ்மிட் குழுவினர் ஊசியே இல்லாமல் அதே சோதனையைச் செய்யும் வழியைக் கண்டார்கள். பலருக்குக் கீழறையிலிருந்து அவ்வப்போது ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும். நெஞ்சில் ‘டக்’கென்று ஏதோ புரண்டதுபோல் உணர்வோமே, அது. முந்திவந்த துடிப்பில் அறை முழுதாக நிரம்பியிருக்காது. ரத்த அழுத்தம் ஒரு கணம் தாழும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள உணரிகள் அதைக் கண்டு மூளைக்குச் சொல்ல, வேகஸ் தன் பிடியைத் தளர்த்தும். அடுத்த சில துடிப்புகள் விரையும். அழுத்தம் மீண்டதும் பிடி மறுபடி இறுகி, துடிப்பு மெதுவாகும். குளத்தில் கல் விழுந்ததும் எழுந்து அடங்கும் அலையைப் போன்ற இந்த மாற்றம் ஆரோக்கியமானவர்களிடம் தெளிவாகத் தெரியும். ஆபத்தில் இருப்பவர்களிடம் கல் விழுந்தும் அலை எழுவதில்லை. விரைவதும் இல்லாமல், மெதுவாவதும் இல்லாமல் போனவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகமாக இறந்தார்கள்.

இதே மியூனிக் குழுவின் ஆக்செல் பவர் 2006இல் இன்னொரு அளவை முன்வைத்தார். நாள் முழுதும் உள்ள பதிவில், முந்தைய இடைவெளியைவிட நீளமான ஒவ்வோர் இடைவெளியையும் பிடித்து, அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தார். இதயத்துக்கு வேகம் குறைக்கும் திறன் எவ்வளவு இருக்கிறது என்பது அதில் தெரியும். அந்தத் திறன் 4.5 மில்லி விநாடிக்கு மேல் என்றால் ஆபத்து குறைவு, 2.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் அதிகம். மியூனிக், லண்டன், ஃபின்லாந்தின் ஔலு ஆகிய மூன்று இடங்களின் நோயாளிகளிடம் பார்த்தபோது, இறக்கப்போவது யார் என்பதை இந்த அளவு பம்பிங்கைவிட நன்றாகவே பிரித்துக் காட்டியது. வண்டியின் வேகத்தை வைத்து அல்ல, பிரேக்கை வைத்து அதன் பாதுகாப்பைக் கணிப்பது போன்றது இது.

துடிப்பின் வடிவத்தைப் படித்த கணினி

இதுவரை சொன்னவை இடைவெளியை அளந்தன. துடிப்பின் வடிவத்துக்குள்ளும் செய்தி இருக்கலாம் என்று நினைத்தவர்கள் கணினி அறிவியலாளர்களான ஜான் குட்டாக்கும் ஸீஷான் சையதும். மெர்லின் என்ற மருந்து ஆய்வுக்காகப் பல நாள்கள் தொடர்ந்து எடுக்கப்பட்டிருந்த ஈசிஜி பதிவுகள், 4,500க்கும் மேற்பட்ட நோயாளிகளுடையவை, அவர்களுக்குக் கிடைத்தன. மருத்துவர் கண்ணால் பார்த்தால் அடுத்தடுத்த இரண்டு துடிப்புகள் ஒன்றுபோலவே இருக்கும். கணினி அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, நுண்ணிய வேறுபாடுகளைக் கூட்டியது. நோயாளியின் துடிப்பு வரிசையைக் குறியீடுகளாக மாற்றி, பிற நோயாளிகளின் வரிசையிலிருந்து அவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்றும் ஒப்பிட்டது. மரபணுத் தொடரில் திரும்பத் திரும்ப வரும் கோவைகளைத் தேடுவதுபோல், வேக மாற்றங்களில் வரும் சிறு கோவைகளையும் தேடியது.

2011இல் வெளியான அந்த ஆய்வின்படி, இந்தக் குறிகளில் மோசமாக இருந்தவர்களுக்கு மரண ஆபத்து இரண்டு முதல் மூன்று மடங்கு. இந்தப் பதிவுகளுக்காக நோயாளிக்குப் புதிதாக ஊசியோ ஸ்கேனோ தேவைப்படவில்லை. ஏற்கெனவே எடுத்து, பார்த்து, மூடிவைக்கப்பட்ட தரவுதான் அது. மருத்துவமனைகளில் இதயப் பிரிவின் திரைகளில் இரவும் பகலும் ஓடி மறையும் கோடுகளில் எவ்வளவு செய்தியை நாம் தவறவிடுகிறோம் என்பதை இந்த ஆய்வு உணர்த்துகிறது.

அறிந்தவுடன் காப்பாற்றிவிட முடியுமா?

இவ்வளவு சான்றுகள் இருந்தும் நம் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ‘துடிப்பு மாறுபாடு’ என்று ஒரு வரி ஏன் இல்லை? இதற்கான விடை இரண்டு கசப்பான பாடங்களில் இருக்கிறது.

முதல் பாடம் காஸ்ட் ஆய்வு. மாரடைப்புக்குப் பிறகு எக்டோபிக் துடிப்புகள் அதிகம் வருபவர்கள் அதிகமாக இறக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. அப்படியானால் அந்தத் துடிப்புகளை மருந்தால் அடக்கினால் உயிர் பிழைப்பார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மருந்துகள் அவற்றை அழகாக அடக்கவும் செய்தன. ஆனால் மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர்தான். ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. ஆபத்தின் அடையாளத்தை அழிப்பதால் ஆபத்து அழியாது. சில நேரம் கூடவும் செய்யும்.

இரண்டாவது பாடம் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 2004இல் வெளியான டினாமிட் ஆய்வில், பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள, துடிப்பு மாறுபாடும் குறைந்த அல்லது நாடி வேகம் மிகுந்த 674 பேரைத் தேர்ந்தார்கள். மாரடைப்பு வந்த 6 முதல் 40 நாள்களுக்குள் ஒரு பகுதியினருக்கு ஐ.சி.டி. பொருத்தினார்கள். ஆபத்து மிக்கவர்களைச் சரியாகவே பிடித்தாயிற்று. உயிர்காக்கும் கருவியையும் கொடுத்தாயிற்று. முடிவில் கருவி பெற்ற 332 பேரில் 62 பேரும், பெறாத 342 பேரில் 58 பேரும் இறந்திருந்தார்கள்.

மரணத்தின் காரணத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த எண்களின் உள்ளடக்கம் புரியும். தாளக்கேட்டால் இறந்தவர்கள் கருவி இருந்தவர்களில் 12, இல்லாதவர்களில் 29. கருவி தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் மற்றக் காரணங்களால் இறந்தவர்கள் கருவி இருந்தவர்களில் 50, இல்லாதவர்களில் 29. ஒரு கதவை அடைத்தபோது மரணம் வேறொரு கதவு வழியாக வந்தது.

துடிப்பு ஆய்வுகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புரிவது இதுதான்: ஆபத்து எவ்வளவு என்பது ஒரு கேள்வி, என்ன ஆபத்து என்பது வேறொரு கேள்வி. குறைந்த துடிப்பு மாறுபாடு முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. உடலின் கடிவாளம் தளர்ந்துவிட்டது என்று அது தெரிவிக்கிறது. தளர்ந்த உடல் இதய நடுக்கத்தால் சாகலாம், இதயம் மெல்ல மெல்லச் செயலிழந்து சாகலாம், இன்னொரு மாரடைப்பால் சாகலாம். மின்னதிர்ச்சிக் கருவி இவற்றில் ஒன்றை மட்டும்தான் தடுக்கும். கடிவாளத்தையே நேரடியாக இறுக்கிப் பார்க்கவும் முயன்றார்கள். வேகஸைத் தூண்டினால் மாரடைப்பு வந்த நாய்களில் மரண நடுக்கம் தடுக்கப்பட்டது. ஆனால் இதயச் செயலிழப்பு உள்ள மனிதர்களுக்கு வேகஸ் தூண்டும் கருவி பொருத்திய இனோவேட் ஆய்வில், 2016இல் வந்த முடிவின்படி, எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

காவல் யாருக்கு?

இதனால் துடிப்பைப் படிப்பது வீண் என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. அந்தச் செய்தியை வேறு விதமாகப் பயன்படுத்தலாம் என்று ஸ்மார்ட்-எம்ஐ ஆய்வு காட்டியது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த இந்த ஆய்வு 2022இல் வெளியானது. பம்பிங் 36 முதல் 50 சதவீதம் வரை உள்ள, அதாவது இன்றைய விதிப்படி ஐ.சி.டி. பெறத் தகுதியில்லாத நோயாளிகளுக்குள், வேகம் குறைக்கும் திறன் போன்ற அளவுகளில் மோசமாக இருந்த 400 பேரைத் தேர்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தோலுக்கடியில் விரல் அளவுள்ள ஒரு பதிவுக் கருவியை வைத்தார்கள். அது மின்னதிர்ச்சி தராது. கவனித்துச் சொல்லும், அவ்வளவுதான்.

கருவி இருந்தவர்களில் 30 சதவீதம் பேரிடம் கவனிக்க வேண்டிய தாளக்கேடுகள் கண்டறியப்பட்டன. வழக்கமான கண்காணிப்பில் இருந்தவர்களில் 6 சதவீதம் பேரிடம்தான். அந்தத் தாளக்கேடுகள் பலவகை: மேலறை நடுக்கம், துடிப்பு நெடுநேரம் நின்றுபோதல், கீழறையின் ஆபத்தான விரைவு. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. துடிப்பு மாறுபாடு யாரைக் கவனிக்க வேண்டும் என்று காட்டியது. என்ன செய்ய வேண்டும் என்பதைக் கண்காணிப்பு காட்டியது. இதனால் எத்தனை உயிர்கள் பிழைக்கும் என்பதை நிறுவும் அளவுக்கு அந்த ஆய்வு பெரிதல்ல. என்றாலும், இரண்டு கேள்விகளையும் அது தனித்தனியே கேட்டது என்பதால் திசை சரியானது என்று நம்புகிறேன்.

நம் வீட்டுக்கு வரும்போது

இந்தச் செய்தி நமக்கு அந்நியமானதல்ல. காரணம் சர்க்கரை நோய். நீண்டகாலச் சர்க்கரை நோய் கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்வதுபோல் வேகஸ் நரம்பையும் அரிக்கும். சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் மாரடைப்பு வருபவர்களுக்குக் கடிவாளம் ஏற்கெனவே தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அதைப் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. எடின்பரோவில் டேவிட் யூயிங் குழுவினர் சர்க்கரை நோயாளிகளுக்காக வகுத்த எளிய சோதனைகளில் ஒன்று இது: ஈசிஜி ஓடிக்கொண்டிருக்க, ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஆழ்ந்து மூச்சு இழுத்து விடச் சொல்ல வேண்டும். மூச்சு இழுக்கும்போதும் விடும்போதும் உள்ள நாடி வேகத்தின் வித்தியாசம் 15 அல்லது அதற்கு மேல் என்றால் சரி. 10 அல்லது அதற்குக் கீழ் என்றால் நரம்பு பழுது. இதே ஒரு நிமிடச் சோதனை மாரடைப்பு நோயாளிகளிலும் ஆபத்தைக் காட்டுகிறது என்று 1999இல் ஓர் ஆய்வு வெளியானது. டிரெட்மில் சோதனையிலும் இதே செய்தி கிடைக்கிறது. ஓட்டம் நின்ற முதல் நிமிடத்தில் துடிப்பு 12க்கு மேல் இறங்காதவர்களுக்கு மரண ஆபத்து அதிகம் என்று கிளீவ்லேண்ட் ஆய்வாளர்கள் அதே ஆண்டு 2,428 பேரிடம் கண்டார்கள். சிறிய ஊரின் மருத்துவமனையிலும் செய்யக்கூடிய காரியங்கள் இவை.

கைக்கடிகாரம் காட்டும் எண்ணைக் கண்டு பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 24 மணி நேர ஹோல்டர் பதிவுக்கு வகுத்த 50, 100 என்ற எல்லைகள் கைக்கடிகாரத்தின் சில நிமிட அளவுக்குப் பொருந்தாது. கடிகாரங்கள் பலவும் தோலுக்கடியில் ரத்தம் பாயும் அலையை ஒளியால் கணிக்கின்றன. கணக்கிடும் முறையும் ஒன்றுக்கொன்று வேறு. வயது கூடக் கூட மாறுபாடு இயல்பாகவே குறையும். மெதுவாக மூச்சு விட்டால் அந்த நிமிடத்தில் எண் ஏறும். அதனால் மட்டும் ஆபத்து குறைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. காஸ்ட் ஆய்வு கற்பித்த பாடம் இங்கேயும் செல்லும்.

மாரடைப்புக்குப் பின் நடைப்பயிற்சியைத் தொடர்வது, புகையை விடுவது, எழுதிக்கொடுத்த மாத்திரைகளை நிறுத்தாமல் சாப்பிடுவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது ஆகியவை இன்றும் உயிர் காக்கும் என்று நிரூபிக்கப்பட்ட வழிகள். துடிப்பின் அளவு மோசம் என்று தெரிந்தவரிடம் இவற்றை இன்னும் அழுத்திச் சொல்லலாம், அடுத்த பரிசோதனைக்கு ஆறு மாதத்துக்குப் பதில் ஒரு மாதத்தில் வரச் சொல்லலாம், மயக்கம் வந்ததா என்று கேட்டுப் பார்க்கலாம். ஆகவே வீட்டுக்குக் கிளம்பும் நாளில் “பம்பிங் எவ்வளவு?” என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்போம்: “மூச்சை இழுத்து விடும்போது இவர் துடிப்பு எவ்வளவு மாறுகிறது, டாக்டர்?” அதற்கான பதில் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும்.